பரணில் தூங்கும் ப்ராஜெக்ட்

நம் பிள்ளைகளின் கல்லூரி ப்ராஜெக்ட், மார்க் வந்ததும் பரணுக்குப் போய்விடுகிறது. காலனி போர்வெல் நீரின் கடினத்தன்மை பற்றி என் மகள் எழுதியதும் அப்படித்தான் கிடந்தது.

"மாணவர் ஆய்விதழுக்கு அனுப்பேன்மா" என்றேன்.

"யாருப்பா படிப்பாங்க?"

சி.வி. ராமனின் முதல் கட்டுரை 1906-ல் லண்டன் 'பிலாசபிகல் மேகசின்' இதழில் வந்தபோது அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர்; வயது 18. 1907-ல் அரசு வேலைக்காகக் கல்கத்தா சென்றவர், ஆபீஸ் நேரம் போக ஆய்வைத் தொடர்ந்தார் என்று சொன்னேன். அனுப்பினாள்.

அச்சில் பெயர் வருவது சின்ன லாபம்தான். முகமறியாத பரிசீலகர் கேள்வி கேட்பதே பெரிய லாபம். "ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை முறை அளந்தீர்கள்?" என்று அவளுக்கு வந்தது. ஒரே முறைதான்! மறுபடி அளந்தாள், இரண்டு எண்கள் மாறின. பரீட்சையில் யாரும் இதைக் கேட்கவில்லை.

பரிசீலனையே இல்லாமல், காசு வாங்கிக்கொண்டு போடும் இதழ்கள் மட்டும் வேண்டாம். அதற்குப் பரணே மேல்.