ஒரே டிரம், இரண்டு வேலை

துவைத்து உலர்த்தும் இயந்திரத்தை வடிவமைப்பது ஏன் இத்தனை கடினம்?

வாஷிங் மெஷின் வந்ததும் துணி துவைக்கும் பாடு தீர்ந்துவிட்டது என்பது பாதி உண்மைதான். மெஷின் தன் வேலையை முடித்துக் குரல் கொடுத்த பிறகுதான் மீதிப் பாதி தொடங்குகிறது. ஈரத்துணியை வாளியில் அள்ளி மொட்டை மாடிக்குத் தூக்க வேண்டும். உதறிக் கொடியில் போட்டு கிளிப் மாட்ட வேண்டும். வானம் இருட்டினால் ஓடிப்போய் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி, ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் போட்டும் ஈரவாடை போகாத துணியை மறுபடி துவைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த மீதிப் பாதியும் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

அழுக்குத் துணியைப் போட்டால் காய்ந்த துணி வரட்டும், நடுவில் யாரும் கைவைக்க வேண்டாம் என்ற ஆசை மிக நியாயமானது. ஒரே பெட்டிக்குள் இரண்டு வேலையையும் செய்யும் ‘வாஷர் டிரையர்’ இயந்திரங்கள் எழுபது ஆண்டுகளாக இருக்கவும் செய்கின்றன. ஆனாலும் அவை நம்பி வாங்கக்கூடிய பொருளாக மாறியது அண்மைக் காலத்தில்தான். துவைக்கும் மெஷினை முதலில் வடிவமைத்துவிட்டு, உலர்த்தும் வேலையை அதன் முதுகில் ஏற்றியதே இந்தத் தாமதத்துக்குக் காரணம். இரண்டில் எது கடினமோ அதிலிருந்து யாரும் தொடங்கவில்லை.

அமெரிக்காவில் முதல் முயற்சி

தண்ணீர் பிடித்து, துவைத்து, அலசி, பிழிவது வரை தானே செய்யும் முன்கதவு மெஷினை 1937இல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் மக்களுக்குக் காட்டியது. துணியை உலர்த்தும் இயந்திரம் வேறொரு வழியில் வந்தது. நார்த் டகோட்டா மாநிலத்தின் உறைபனியில் துணி காயப்போடும் சிரமத்தைக் கண்ட ஜே. ராஸ் மூர் பல ஆண்டுகள் முயன்று ஒன்றை உருவாக்கினார். அதை 1938இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹாமில்டன் நிறுவனம் ‘ஜூன் டே’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இரண்டையும் ஒன்றாக்கி, 1953இல் பெண்டிக்ஸ் பெயரில் ‘டுயோமேட்டிக்’ வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக், வேர்ல்பூல் போன்ற பெரிய பெயர்களும் அந்தப் பத்தாண்டிலேயே களத்தில் இறங்கின. ஆனால் விலை அதிகம், உள்ளமைப்பு சிக்கல், பழுது பார்ப்பது அதைவிடச் சிக்கல். வீடுகள் பெரிதாக இருந்த அமெரிக்காவில் வாஷர் ஒன்று, டிரையர் ஒன்று என இரண்டு பெட்டிகளை அருகருகே வைப்பது எளிதாக இருந்தது. இருபது ஆண்டுகளுக்குள் ஒற்றைப் பெட்டி அங்கே ஏறக்குறைய மறைந்துபோனது. இட நெருக்கடி உள்ள ஐரோப்பாவிலும் ஜப்பானிலும்தான் அது உயிரோடு இருந்தது.

டிரம் கேட்கும் இடம்

துவைக்கும்போது துணி நீரோடும் சோப்போடும் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உரச வேண்டும். உலரும்போது நேர் எதிர்: துணிகள் விலகி, விரிந்து, காற்று ஊடே புக இடம் வேண்டும். பெரிய சலவைக்கூடங்களில் பின்பற்றும் கணக்கு இது: ஒரு கிலோ துணியைத் துவைக்க டிரம்மில் 10 லிட்டர் இடம், உலர்த்த 20 லிட்டருக்குக் குறையாத இடம். சட்டி நிறையப் பொரியைக் கொட்டினால் கிளறவும் முடியாது, அடிவரை சூடும் ஏறாது. டிரம்மில் திணித்த துணியின் நிலையும் அதுதான்.

எட்டுக் கிலோ துவைக்கும் மெஷின் ஐந்து கிலோவை மட்டும் உலர்த்துவது இதனால்தான். சாம்சங் 2024இல் கொரியாவில் கொண்டுவந்த பெரிய வாஷர் டிரையரும் துவைப்பது 25 கிலோ, உலர்த்துவது 15 கிலோ. டிரம்மை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த இடைவெளி குறையலாமே தவிர, மறையாது.

இரண்டு வேலைக்கும் ஒரே டிரம் என்பது வேறொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. துவைக்கும் மெஷினின் தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குகிறது. அதன் ஆட்டத்தை அடக்கக் கனமான கான்கிரீட் கட்டியை மாட்டியிருப்பார்கள். உலர்த்தும் பகுதியின் ஃபேனும் காற்றுக் குழாயும் அசையாமல் நிற்க வேண்டியவை. ஆடும் தொட்டியையும் ஆடாத குழாயையும் நெளியும் ரப்பர் குழாயால் இணைக்க வேண்டும். அந்த ரப்பர் ஒரு நேரம் சோப்பு நீரையும் இன்னொரு நேரம் சூடான காற்றையும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.

முதலில் பிழிய வேண்டும்

உலர்த்தும் செலவின் பெரும்பகுதி, ஹீட்டர் எரியத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. 50 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1400 சுற்று சுழலும்போது, அதன் சுவரில் ஒட்டிய துணி புவியீர்ப்பைப் போல் சுமார் 550 மடங்கு விசையை உணர்கிறது. 800 சுற்றில் அது ஏறக்குறைய 180 மடங்குதான். ஐந்து கிலோ பருத்தித் துணியில் 800 சுற்றுக்குப் பிறகு மூன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தங்கும். 1400 சுற்றுக்குப் பிறகு இரண்டரை லிட்டர். செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் இரண்டாவது தொட்டி செய்வதும் இந்தப் பிழிதலை மட்டுமே.

அந்த ஒரு லிட்டர் வித்தியாசம் அற்பமல்ல. துணியிலுள்ள ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க இயற்கை கேட்கும் வெப்பம் சுமார் 2400 கிலோஜூல். மின்கட்டணக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு யூனிட். 500 வாட் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பிழிய ஆகும் செலவோ ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். எனவே நல்ல வாஷர் டிரையருக்கு முதல் தேவை வேகமாகச் சுழலும் மோட்டாரும், அந்த வேகத்தைத் தாங்கும் பேரிங்கும்.

பிழிந்த உடனே இன்னொரு சிக்கல் எழுகிறது. அந்த வேகத்தில் துணி டிரம் சுவரில் அப்பிக்கொள்கிறது. இரண்டு மெஷின் உள்ள வீட்டில் ஒருவர் அதைக் கையால் பிரித்து, உதறி, டிரையரில் போடுவார். ஒற்றை மெஷினில் அந்தக் கை இல்லை. டிரம் மெதுவாக முன்னும் பின்னும் திரும்பி, துணியைச் சுவரிலிருந்து உரித்து விழவைக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 சுற்றை எட்டினாலே 50 செ.மீ. டிரம்மில் துணி கீழே விழாமல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரே மோட்டார் 1400லும் ஓட வேண்டும், அறுபதுக்குக் கீழேயும் நிதானம் தவறாமல் ஓட வேண்டும். இந்தக் கட்டத்தைச் சரியாகச் செய்யாத மெஷினில்தான் துணி வெளியே காய்ந்தும் மடிப்புக்குள் ஈரமாகவும், கசங்கிய உருண்டையாகவும் வெளியே வருகிறது.

நீரை வைத்து நீரை எடுத்த காலம்

சூடான காற்று துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டது. இனி அந்த ஈரம் எங்கே போவது? அமெரிக்க டிரையர்கள் குழாய் போட்டு அதை வீட்டுக்கு வெளியே ஊதிவிட்டன. சுவரில் ஓட்டை போட முடியாத அடுக்கக வீட்டுக்கு வேறு வழி தேடினார்கள். மெஷினின் பின்புறத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு, ஈரக் காற்றை அதன் மேல் செலுத்தினார்கள். நீராவி குளிர்ந்து நீராகி, அந்தத் தண்ணீரோடு சேர்ந்து சாக்கடைக்குப் போனது.

மலிவான, எளிய ஏற்பாடுதான். ஆனால் அது வெப்பத்தையும் தண்ணீரையும் ஒருசேரக் கொட்டிக் கவிழ்த்தது. இரண்டரை லிட்டர் நீராவியைக் குளிர்விக்கும்போது 6000 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். குளிர்விக்கும் தண்ணீர் 25 டிகிரி சூடேறி வெளியேறுவதாகக் கொண்டால், அதற்கு 57 லிட்டர் தேவை. ஐரோப்பாவின் குளிர்ந்த குழாய் நீருக்கு இது பொருந்தும். சென்னையில் சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டி நீர் 35 டிகிரியில் வந்து, 15 டிகிரி மட்டும் சூடேறிப் போனால் ஏறக்குறைய 95 லிட்டர் ஆகும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் அது. துணி உலர்த்துவதற்குத் தண்ணீரைச் செலவழிக்கும் இயந்திரம் அங்கே பொருந்தவே பொருந்தாது.

வெப்பத்தைத் திரும்பப் பெறும் வழி

திருப்பம் ஜப்பானில் வந்தது. ஆனியை ஒட்டி அங்கே விடாத மழைப் பருவம். மாசி, பங்குனியில் செடார் மரங்களின் மகரந்தம் காற்றில் பரவி ஒவ்வாமையை உண்டாக்கும். இரண்டு காலத்திலும் பால்கனியில் துணி போடத் தயங்குவார்கள். வீடோ சிறியது, மெஷினுக்குக் குளியலறையின் முன்னறையில் ஒதுக்கிய ஒரு சதுரம்தான் இடம். அந்தச் சதுரத்துக்குள் அடங்கும் மெஷினில், அன்று மட்சுஷிடா என்ற பெயரில் இருந்த பானசோனிக் நிறுவனம் 2005இல் ஹீட் பம்பைப் பொருத்தியது.

ஏ.சி.யிலும் ஃபிரிட்ஜிலும் இருக்கும் அதே கம்ப்ரஸர், அதே இரண்டு சுருள்கள்தான் இதிலும். டிரம்மிலிருந்து வரும் ஈரக் காற்று முதலில் குளிர்ந்த சுருளைத் தொடுகிறது. ஈரம் நீராக வடிகிறது. அப்போது வெளிப்படும் வெப்பத்தைக் குளிரூட்டும் வாயு வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடேற்றி இரண்டாவது சுருளுக்கு அனுப்புகிறது. காய்ந்த காற்று அந்தச் சுருளில் மீண்டும் சூடாகி டிரம்முக்குள் நுழைகிறது. சாக்கடைக்குப் போன அதே வெப்பம் மறுபடி மறுபடி வேலை செய்கிறது. குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம்; மின்சாரமும் ஹீட்டர் முறையில் ஆவதில் பாதியளவுக்குக் குறைகிறது. காற்றின் சூடும் மிதமாக இருப்பதால் துணி சுருங்குவதும் நிறம் வெளுப்பதும் குறைவு.

ஒற்றைப் பெட்டியைக் கைவிட்ட அமெரிக்காவே இதனால் திரும்பிப் பார்த்தது. 2023இல் ஜி.இ. அப்ளையன்சஸ் கொண்டுவந்த ஹீட் பம்ப் வாஷர் டிரையரின் டிரம் சுமார் 136 லிட்டர். அதாவது துவைப்பதோடு உலர்த்தவும் இடம் இருக்கும்படி டிரம்மைப் பெரிதாக வைத்தார்கள். அமெரிக்க மின்சார டிரையருக்கு வழக்கமாகத் தனி 240 வோல்ட் இணைப்பு வேண்டும். இதற்குச் சாதாரண 120 வோல்ட் பிளக்கே போதும். துவைத்து உலர்த்த ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்கிறது நிறுவனம். கடினமான வேலையிலிருந்து தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

பஞ்சு என்னும் எதிரி

இன்னும் முழுதாகத் தீராத சிக்கல், துணியிலிருந்து உதிரும் பஞ்சும் நூல்பிசிறும். தனி டிரையரில் பஞ்சு காய்ந்து வலையில் படியும். கையால் வழித்து எடுத்துவிடலாம். வாஷர் டிரையரின் தொட்டியும் குழாயும் எப்போதும் ஈரமாக இருப்பதால் அங்கே பஞ்சு குழைந்து ஒட்டுகிறது. ரப்பர் வளையத்தின் மடிப்பிலும் ஹீட் பம்ப் சுருளின் மெல்லிய தகடுகளுக்கு இடையிலும் அடைகிறது. காற்று குறையும், உலரும் நேரம் கூடும், ஒரு நாள் துணி காய்வதே நின்றுபோகும். சுருளின் மேல் தானாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஏற்பாட்டை நிறுவனங்கள் செய்கின்றன. அதையும் மீறிப் பஞ்சு தங்குகிறது.

இது செயல்திறனோடு நின்றுவிடும் விஷயமல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2008-10 ஆண்டுகளுக்கான கணக்குப்படி, அந்நாட்டு வீடுகளில் டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். சுத்தம் செய்யாமல் விட்டதே முதன்மைக் காரணம். ஹீட் பம்ப் மெஷினில் சூடு குறைவு என்பது ஆறுதல். ஆனாலும் பெட்டியைப் பாதி கழற்றினால்தான் சுருளை எட்ட முடியும் என்று வடிவமைப்பதை ஏற்க முடியாது. மெக்கானிக்கின் ஒரு வருகைக்கு ஆகும் செலவு பல குடும்பங்களுக்குப் பெரிய தொகை.

வாங்கும் முன்

ஒற்றை மெஷினால் ஒரு நேரத்தில் ஒரு ஈடுதான் முடியும். இரண்டு மெஷின் இருந்தால் முதல் ஈடு உலரும்போதே அடுத்த ஈடு துவைக்கலாம். ஆறேழு பேர் உள்ள வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. தினமும் ஒரு ஈடு போடும் சிறிய குடும்பத்துக்கும், மாடியேற முடியாத முதியவர்களுக்கும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் உண்மையான உதவி.

கடையில் கேட்க வேண்டியவை நான்கு. எத்தனை கிலோ உலர்த்தும்? ஹீட்டரா, ஹீட் பம்பா? உலர்த்தும்போது தண்ணீர் செலவாகுமா? பஞ்சு அடையும் இடத்தை நாமே திறந்து சுத்தம் செய்யலாமா? நான்குக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகும், வெயில் அடிக்கும் நாளில் கொடியை மறக்க வேண்டாம். மின்கட்டணம் இல்லாத டிரையர் அது ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் வாஷர் டிரையரின் லேபிளில் இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் கட்டாயம்: துவைக்க மட்டும் ஒன்று, துவைத்து உலர்த்த ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கிலோ அளவும் மின்செலவும் அருகருகே இருக்கும். இங்கே விற்கும் ஒவ்வொரு வாஷர் டிரையரிலும் அதே நேர்மை வேண்டும். உற்பத்தியாளர்களே, உலர்த்தும் கிலோவைத் துவைக்கும் கிலோவுக்குச் சமமான எழுத்தில் அச்சிடுங்கள். சுருளை ஸ்குரூடிரைவர் இல்லாமல் எட்டும்படி வையுங்கள். பெண்களின் தோளில் எஞ்சியிருக்கும் பாதி வேலையை இறக்கிவைப்பதாகச் சொல்லி விற்கும் பொருள், அந்த வேலையை முழுமையாகச் செய்ய வேண்டும்.