அப்பா நிலக்கரி... நான் சோலார்!

ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் ஆகுது?

என்ன, முழிக்கிறீங்களா? மொபைல் டேட்டா எத்தனை ஜி.பி. பாக்கின்னு கேட்டா தூக்கத்துலகூட சொல்வீங்க. ஈ.பி. யூனிட்டுன்னா மட்டும் 'அது அப்பா டிபார்ட்மென்ட்'! நானும் அப்படித்தான் இருந்தேன். இத்தனைக்கும் நான் படிக்கிறது ட்ரிபிள் ஈ, மூணாவது வருஷம். வெளியில சொன்னா வெட்கம்!

ஆனா எங்க வீட்டுல கரண்ட் நிஜமாவே அப்பா டிபார்ட்மென்ட்தான். நெய்வேலிக்காரங்க நாங்க. அப்பா 33 வருஷம் அனல்மின் நிலையத்துல பாய்லர் பிரிவு. மூணு ஷிஃப்ட். தீபாவளி அன்னைக்குக்கூட நைட் ஷிஃப்ட் போயிட்டு, விடிஞ்சதும் வந்து தலைக்கு எண்ணெய் வெச்சுக்குவார். 'ஊரே வெளிச்சமா இருக்கணும்னா யாராவது ஒருத்தன் முழிச்சிருக்கணும் பாப்பா' என்பார். போன வருஷம் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு, வடலூர் பக்கம் கட்டின சொந்த வீட்டுக்கு வந்தோம்.

வந்த முதல் கோடையிலேயே வந்தது முதல் ஷாக். ஒரு ஏசி, ஒரு மோட்டார், அம்மாவோட கிரைண்டர், எல்லாம் சேர்த்து 612 யூனிட்! நம்ம தமிழ்நாட்டுல வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனா 500-ஐத் தாண்டிட்டா, தாண்டின யூனிட்டுக்கு மட்டுமில்ல, கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் ரேட் எகிறிடும். பென்ஷன் கணக்கு போட்டுக்கிட்டிருந்த அப்பா முகம் வாடிடுச்சு.

நான் ஸ்டைலா சொன்னேன். "கவலைப்படாதீங்கப்பா... மாடியில சோலார் போட்ருவோம்!"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி!

கிணத்துல பொங்கின கறுப்பு

அப்பா ஏன் அப்படிப் பார்த்தார்னு புரியணும்னா எங்க ஊர்க் கதை தெரியணும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டும்போது, தண்ணியோட கறுப்பா ஏதோ வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் தொடங்கியாச்சு. சோவியத் ஒத்துழைப்போட வந்த முதல் அனல்மின் நிலையம் 1962-ல் ஓட ஆரம்பிச்சது. தமிழ்நாட்டு மோட்டார் பம்புகளும் மில்களும் சுத்தினதுல எங்க ஊர்க் கரிக்குப் பெரிய பங்கு உண்டு. என் ஸ்கூல் ஃபீஸ், சைக்கிள், இப்போ இந்த இன்ஜினீயரிங் சீட்... எல்லாமே அந்தக் கரி கொடுத்ததுதான்.

அதோட இன்னொரு பக்கமும் இருக்கு. கரியை எடுக்க மேல இருக்கிற மண்ணை மலை மலையா வெட்டிக் கொட்டணும். அடியில இருக்கிற நிலத்தடி நீர் மேல பொங்காம இருக்க ராத்திரி பகலா பம்ப் பண்ணிக்கிட்டே இருக்கணும். எரிச்சா சாம்பல், கூடவே கார்பன் டை ஆக்சைடு. இந்திய மின் கட்டமைப்புல இருந்து நாம எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்குப் பின்னாலும் சராசரியா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கு. 612 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, 400 கிலோவுக்கு மேல! ரெண்டே மாசத்துல, ஒரே வீட்டுல!

வெயில் வேற, வெளிச்சம் வேற!

சரி, சோலார் மேட்டருக்கு வருவோம். 1839-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல், வெளிச்சம் பட்டா மின்சாரம் பிறக்கும்னு கண்டுபிடிச்சார். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல சிலிக்கான் செல் செஞ்சாங்க. அன்னைக்கு அதோட திறன் சுமார் 6 சதவிகிதம். இன்னைக்குக் கடையில கிடைக்கிற பேனல் 20 சதவிகிதத்தைத் தாண்டிடுச்சு.

'நம்ம ஊரு வெயிலுக்கு சோலார் பிச்சு உதறும்'னு நினைக்கிறீங்களா? பாதி சரி. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல! பேனலோட திறனை அளக்கிறது 25 டிகிரியில. அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை உற்பத்தி குறையும். மே மாச மத்தியானத்துல பேனல் 65 டிகிரிக்குப் போச்சுன்னா 12 முதல் 16 சதவிகிதம் காலி. அதனாலதான் பேனலுக்குக் கீழே காத்து போக இடம் விட்டு ஸ்டாண்ட் போடுறாங்க. அக்னி நட்சத்திரத்தைவிட பிப்ரவரி, மார்ச்சில் உற்பத்தி நல்லா இருக்கிறதுக்குக் காரணமும் இதுதான்.

நம்ம ஊர்ல 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் கொடுக்கும். இடம் சுமார் 100 சதுர அடி வேணும். 3 கிலோவாட் போட்டா நாளைக்கு 12 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 720. எங்க வீட்டுக்குத் தாராளம்.

காசு? எங்களுக்கு வந்த கொட்டேஷன் எல்லாமே ரெண்டு லட்சத்தை ஒட்டியே இருந்துச்சு. 2024 பிப்ரவரியில மத்திய அரசு தொடங்கின 'பி.எம். சூர்ய கர்' திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலேயும் 78,000 ரூபாய் மானியம். பேனலைப் போட்டு, மின்வாரியம் மீட்டர் மாத்தின பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரைக்கும் முழுப் பணத்தையும் நாமதான் புரட்டணும். இதை மறந்துட்டு வீட்டுல வாய் விட்டுடாதீங்க!

அப்பா வெச்ச வைவா

நான் இதையெல்லாம் பேப்பர்ல எழுதி, கிராஃப் போட்டு, செமினார் மாதிரி அப்பா முன்னாடி நீட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு மூணே கேள்விதான் கேட்டார். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தோத்தார்!

"2011-ல தானே புயல் அடிச்சப்போ உனக்கு ஆறு வயசு. ஞாபகம் இருக்கா? அந்தக் காத்துக்கு உன் பேனல் நிக்குமா?"

ஞாபகம் இருக்காம எப்படி? டிசம்பர் 30, விடிகாலை. கடலூர் மாவட்டத்து முந்திரியும் பண்ருட்டிப் பலாவும் வேரோட சாஞ்ச நாள். காத்து மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். நான் விசாரிச்சு வெச்சிருந்தேன். "ஸ்டாண்டை கான்கிரீட்ல நல்லா ஊன்றி, நம்ம கடலோரக் காத்து வேகத்துக்கு டிசைன் பண்ணச் சொல்லி எழுதி வாங்கிக்கலாம்ப்பா." தலையாட்டினார். பாஸ்!

"சாயந்தரம் ஏழு மணிக்கு எல்லார் வீட்லயும் லைட்டு, டி.வி., ஏசி. அப்போ சூரியன் எங்க?"

இதுக்கும் தயாரா இருந்தேன். பகல்ல மிச்சமாகிற கரண்ட் ஈ.பி. லைனுக்குப் போகும், ராத்திரி அங்கிருந்து திரும்ப எடுத்துக்குவோம், ரெண்டு பக்கமும் ஓடுற மீட்டர் கழிச்சுக் கணக்குப் பார்க்கும்னு சொன்னேன். "அது உன் கணக்கு. ராத்திரி அந்தக் கரண்டை உண்டாக்குறது யாரு? எவனோ ஒருத்தன் நைட் ஷிஃப்ட்ல பாய்லர் முன்னாடி நிக்கிறான்ல?" உண்மைதான். 2025-ல் இந்தியாவின் மின் நிறுவுதிறன்ல பாதி, நிலக்கரி, எரிவாயு மாதிரியான புதைபடிவ எரிபொருள் அல்லாத மூலங்களுக்கு மாறிடுச்சு. ஆனா உற்பத்தியாகிற யூனிட்டுகள்ல பெரும்பங்கு இன்னும் நிலக்கரியோடதுதான். பகல் கரண்டை ராத்திரிக்குச் சேமிக்க பேட்டரி வேணும், இல்லேன்னா கோவை மாவட்டம் காடம்பாறையில இருக்கிற 400 மெகாவாட் நிலையம் மாதிரி, தண்ணியை மேல ஏத்தி வெச்சுத் திறந்துவிடுற ஏற்பாடு வேணும். அது இன்னும் நிறைய வந்தாகணும். ஆளுக்குப் பாதி மார்க்!

"கடைசிக் கேள்வி. தானே வந்தப்போ ஊருக்கே நாள் கணக்கா கரண்ட் இல்ல. மறுபடி அப்படி ஆனா, நம்ம வீட்ல லைட் எரியுமா?"

"எரியும்ப்பா! நம்ம மாடி, நம்ம சூரியன்!"

அப்பா சிரிச்சார். நான் அவுட்!

மறுநாள் மாடியை அளக்க வந்த சோலார் டெக்னீஷியன் சொன்னதைக் கேட்டு எனக்கு வேர்த்துருச்சு. பேட்டரி இல்லாத சோலார், ஈ.பி. லைன்ல கரண்ட் இருந்தாதான் ஓடுமாம். லைன் போச்சுன்னா, கொளுத்துற வெயில்லகூட இன்வெர்ட்டர் தானா நின்னுடும். ட்ரிபிள் ஈ படிக்கிற எனக்குத் தெரியல. பாய்லர்ல வேலை பார்த்த அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு!

"ஏன் அப்படின்னு யோசி பாப்பா. புயலுக்கு அப்புறம் லைன்மேன் கம்பத்துல ஏறி நிப்பான். லைன் ஆஃப்னு நம்பிக் கை வைப்பான். நம்ம மாடியில இருந்து கரண்ட் திரும்பப் போச்சுன்னா அவன் கதி?"

புத்தகத்துல 'ஆன்ட்டி ஐலண்டிங்'னு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சதை, ஒரு உயிராப் பார்த்தது அன்னைக்குத்தான். கரண்ட் போனாலும் லைட் எரியணும்னா பேட்டரியோட ஹைப்ரிட் சிஸ்டம் போடணும், செலவு கூடும். இதைத் தெரிஞ்சுக்காம பேனல் போட்டுட்டு, முதல் பவர் கட்டுல கடைக்காரரைத் திட்டுறவங்க நிறையப் பேர்.

பலா மரமும் ஒரு கேள்வியும்

அடுத்த சிக்கல் அம்மா ரூபத்துல. தானேயில போன மரத்துக்குப் பதிலா அம்மா நட்ட பலா, மாடியோட கிழக்கு மூலையில நிழல் தருது. பேனல்ல செல்லெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி வரிசையா கோர்த்திருக்கும். ஒரு மூலையில நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே படுத்துடும். "கிளையைக் கழிச்சுடலாமா?"ன்னு வாயைத் திறந்தேன். "பேனலை நகத்திக்க. மரம் நகராது!" அம்மா கேஸ் க்ளோஸ். பேனல் மேற்குப் பக்கம் போச்சு.

எல்லாம் முடிவாகி, அட்வான்ஸ் கொடுக்கிற முந்தின ராத்திரி. மாடியில அப்பா தனியா உட்கார்ந்திருந்தார். பக்கத்துல போனேன். ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டார்.

"அப்போ... நாங்க இத்தனை வருஷம் பண்ணது தப்பா பாப்பா?"

இதுக்கு என்கிட்ட கிராஃப் இல்ல ஃப்ரெண்ட்ஸ். தொண்டை அடைச்சுக்கிச்சு.

"இல்லப்பா. நீங்க கொடுத்த வெளிச்சத்துலதான் நான் படிச்சேன். படிச்சதுனாலதான் அடுத்து என்னன்னு யோசிக்க முடியுது. 1962-ல அதுதான் வழி. இப்போ இன்னொரு வழி இருக்கு. அவ்வளவுதான்ப்பா."

அப்பா ஒண்ணும் சொல்லல. காலையில பேங்க் பாஸ்புக்கைத் தேடி எடுத்தது அவர்தான்.

இதுல ஒரு விஷயம் சொல்லணும். நெய்வேலி நிறுவனமே ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்கள்ல சோலார் நிலையங்கள் நடத்துது. கரிக்கே சூரியன் பக்கம் திரும்பத் தெரிஞ்சிருக்கு. ஆனா சுரங்கத்துல பத்துப் பேர் பார்த்த வேலைக்கு சோலார் பார்க்ல எத்தனை பேர் வேணும்? அப்பாகூட வேலை பார்த்தவங்களோட பிள்ளைங்க எங்க போவாங்க? சுத்தமான கரண்ட் பத்திப் பேசுறப்போ இந்தக் கேள்வியையும் சேர்த்தே பேசணும். இல்லேன்னா அது அரைகுறைப் பேச்சு.

இப்போ எங்க மாடியில...

மீட்டர் மாத்த நாலு தடவை அலைஞ்சோம். மானியம் கொஞ்ச நாள் கழிச்சு வந்து சேர்ந்துச்சு. முதல் முழு பில்லுல, கழிச்சது போக நாங்க ஈ.பி.கிட்ட எடுத்தது 100 யூனிட்டுக்குள்ள அடங்கிடுச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில உற்பத்தி படுத்துச்சு, மறைக்க விரும்பல. பில்லுல மிச்சமாகிறதை வெச்சுப் பார்த்தா, போட்ட காசு திரும்ப ஆறேழு வருஷம் ஆகும். பேனலுக்கு 25 வருஷ வாரன்ட்டி. நடுவுல ஒரு தடவை இன்வெர்ட்டர் மாத்த வேண்டியிருக்கலாம். வருஷத்துக்கு சுமார் 3 டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம்.

இப்போ உங்க டர்ன்! முதல்ல வீட்டு ஈ.பி. கணக்கை எடுத்துப் பாருங்க. 200 யூனிட்டுக்குள்ள இருந்தா அவசரமே இல்ல, பழைய குண்டு பல்பையும் பழைய ஃபேனையும் மாத்தினாலே போதும். 500-ஐத் தொட்டா அப்பா, அம்மாவோட உட்கார்ந்து பேசுங்க. காலை 9-ல இருந்து 4 வரைக்கும் மாடியில எங்கெங்கே நிழல் விழுதுன்னு சாக்பீஸால கோடு போடுங்க. குறைஞ்சது மூணு கொட்டேஷன் வாங்குங்க. வாடகை வீடா? உங்க காலேஜ் ஹாஸ்டல் மாடி சும்மாதானே காயுது! பகல்ல ஓடுற லேப், கேன்டீன், கிளாஸ் ரூம் எல்லாத்துக்கும் சூரியன்தான் சரியான ஜோடி. ஃபைனல் இயர் ப்ராஜெக்டை வெளியில காசு கொடுத்து வாங்குறதுக்குப் பதிலா, உங்க ஹாஸ்டல் கரண்ட் கணக்கை எடுத்து பிரின்சிபால் டேபிள்ல வைங்க.

எங்க அப்பா? தினமும் காலையில ஆறு மணிக்கு மாடிக்குப் போறார். ஈரத் துணியால பேனலைத் துடைக்கிறார். சாயந்தரம் இன்வெர்ட்டர்ல யூனிட்டைப் பார்த்து, பழைய ஷிஃப்ட் டைரியோட மிச்சப் பக்கத்துல தேதி போட்டு எழுதுறார். நேத்து போன்ல கேட்டேன், "இன்னைக்கு எவ்வளவுப்பா?"

"பதிமூணு புள்ளி ரெண்டு. ஆனா ஒண்ணு பாப்பா, இந்த வேலையில நைட் ஷிஃப்ட்டே இல்ல!"