பழஞ் சதுரங்கக் காய்களும் பரண்மேல் நோட்டுகளும்

1987-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் கோயம்புத்தூரில் நடைபெற்ற சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசச் சதுரங்கப் போட்டியில் முதலிடம் பெற்று, கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய தகுதியைப் பூர்த்தி செய்துகொண்ட 18 வயது விசுவநாதன் ஆனந்தின் பெயர், சதுரங்கத்தில் சிறிதும் சிரத்தையில்லாதவர்களுக்குக்கூடத் தெரிந்ததுதான். இந்தியாவுக்கு முதல் கிராண்ட்மாஸ்டரைத் தந்த களம் என்ற பெருமை அதனால் கோவைக்கு வாய்த்தது. இன்று அப்பட்டம் பெற்ற இந்தியர் 80 பேரைத் தாண்டிவிட்டனர். 2019-இல் 61-ஆவது கிராண்ட்மாஸ்டராக அந்த வரிசையில் சேர்ந்த இனியன் ஈரோட்டுக்காரர். ஆனால் ஆனந்த் பட்டம் பெற்றதற்கு முன்னும் பின்னும், பகலெல்லாம் ஆலைக் கணக்கு எழுதிவிட்டு மாலையில் மனமகிழ் மன்றத்துக்கு வந்து ஆடியவர்கள், பள்ளிக்கூடம் விட்டதும் சட்டைக் கைகளில் சாக்குக்கட்டித் தூள் படிந்தபடியே பலகைமுன் உட்கார்ந்த ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்காகத் தாராபுரத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்து, பாதிச் சுற்றுகளில் தோற்று, கடைசி பஸ்ஸில் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஆடிய ஆட்டங்களில் ஒன்றாவது இன்று எங்கேனும் கிடைக்குமா என்று தேடப் புகுந்தால், பரண்களையும் பழைய பேப்பர் கடைகளையும் தவிர வேறு போக்கிடம் இல்லை.

போட்டிகளில் ஆடுவோர் தத்தம் நகர்த்தல்களையும் எதிராளியின் நகர்த்தல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் கைப்படவே எழுதியாக வேண்டும் என்பது உலகச் சதுரங்க சம்மேளனத்தின் விதி. அந்தத் தாள் ஆட்டம் முடிந்ததும் இருவர் கையொப்பத்தோடு நடுவரிடம் போகிறது. விதிப்படி அது போட்டியை நடத்துவோரின் உடைமை. அதன் அடியில் வைத்திருந்த நகல் ஆட்டக்காரரின் சட்டைப்பைக்குள் போகிறது. நடத்துவோரிடம் சேர்ந்த மூலத்தாள்கள் சணல் கயிற்றால் கட்டப்பட்டு ஒரு மூலையில் சில வருஷங்கள் கிடந்து, இடம் போதாத ஒரு நாளில் எடைக்குப் போய்விடுகின்றன. சட்டைப்பைக்குள் போன நகலோ, கார்பன் தாள் வைக்காமலே அழுத்தத்தால் எழுத்து விழும் ரசாயனத் தாளாக இருந்தால், வெயிலும் உஷ்ணமும் பட்டு வெளுத்து, எழுதினவருக்கே விளங்காத மங்கலான ரேகைகளாகிவிடுகிறது. ஆக, எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற சம்பிரதாயம் இருக்கிறதேயொழிய, எழுதியதை வைத்துக் காப்பாற்றும் சம்பிரதாயம் நம்மிடம் ஏற்படவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் உண்டு. ஆனந்தின் ஆட்டத்தைப் பாதுகாக்கலாம். பதினைந்தாவது நகர்த்தலில் ராணியைப் பறிகொடுத்த குமாஸ்தாவின் ஆட்டத்தைப் பாதுகாத்து யாருக்கு என்ன பிரயோஜனம் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்துக்குத் தக்க பதில் கல்கத்தாவில் இருக்கிறது. அங்கே வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், 1848 முதல் ஏறக்குறைய 1860 வரையில், மகேசசந்திர வந்தியோபாத்யாயர் என்னும் வங்காளப் பிராமணரோடு ஓயாமல் சதுரங்கம் ஆடினார். ஆடியதோடு நில்லாமல் ஆட்டங்களை எழுதியும் வைத்தார். இங்கிலாந்துச் சதுரங்கப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார். நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் அவ்வாறு பிழைத்தன. மகேசசந்திரர் பட்டம் எதுவும் பெற்றவரல்லர்; சிப்பாயை ஒவ்வொரு கட்டமாகவே நகர்த்தும் நம் நாட்டு வழக்கத்தில் கை பழகி, அந்தப் பழக்கத்தோடேயே ஐரோப்பிய விதிகளுக்கு வந்தவர். நடுக்கட்டங்களை உடனே பிடித்துக்கொள்ள ஓடாமல், மந்திரியை ஓரத்தில் நிறுத்தித் தூரத்திலிருந்தே அவற்றைக் குறிவைக்கும் அவருடைய போக்கு அந்நாளைய ஐரோப்பியருக்கு விநோதமாகத் தோன்றியிருக்க வேண்டும். 1855-இல் கறுப்புக் காய்களோடு அவர் காக்ரேனுக்கு எதிராகக் கையாண்ட தொடக்கத்தை, 1922-இல் ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் உயர்ந்த பந்தயங்களில் ஆடிக் காட்ட, அது க்ரூன்ஃபெல்டின் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. வங்காளத்து மனிதர் ஒருவர் 67 வருஷங்களுக்கு முன்பே அதை ஆடியிருந்தார் என்பதற்கு, காக்ரேன் சிரமம் பாராமல் எழுதிவைத்த குறிப்பைத் தவிர வேறு சாட்சி ஏது? எழுதிய காலத்தில் அதுவும் ஓர் அமெச்சூரின் ஆட்டக்குறிப்புத்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-ஆம் ஆண்டு வெளிப்பட்ட பழங்காலத்துக் காய்கள். வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய அக்காய்களில் ஒன்றை 1964-இல் ஒருவர் 5 பவுனுக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்க, 2019-இல் அது லண்டன் ஏலத்தில் 7,35,000 பவுனுக்குப் போயிற்று. ஆனால் அந்தக் காய்களைக் கொண்டு யார், எப்படி ஆடினார்கள், யார் ஜயித்தார்கள் என்பதற்கு ஓர் எழுத்துகூட இல்லை. ஆயினும் காய்கள் என்றால் கண்ணாடி அலமாரி கிடைத்துவிடுகிறது. தாள்கள் என்றால் சணல் கயிறுதான்.

காய்களை நான் இகழவில்லை. இன்று எங்கும் வழங்கும் காய்களின் வடிவம் 1849-இல் நதானியேல் குக் என்பவரின் பெயரால் பதிவாகி, லண்டன் ஜேக்ஸ் நிறுவனத்தாரால் செய்யப்பட்டு, ஹோவர்ட் ஸ்டான்டன் என்னும் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரரின் பெயரோடு விற்பனைக்கு வந்தது. பழைய ஜேக்ஸ் காய்களைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு குதிரையின் தலையிலும் ஒரு யானையின் உச்சியிலும் மட்டும் கடுகளவு கிரீட முத்திரை ஒன்று பதிந்திருக்கும். அது அலங்காரமன்று. அக்காலக் குறிப்புமுறையில் ராஜா பக்கத்துக் குதிரை, ராணி பக்கத்துக் குதிரை என்று பிரித்தே எழுதுவார்கள். நடு ஆட்டத்தில் இரண்டும் கலந்துவிட்டால் எது எது என்று தெரியாதல்லவா? முத்திரையுள்ளது ராஜா பக்கத்துடையது. காயும் குறிப்பும் ஒன்றையொன்று நம்பியிருந்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் நான் கண்டதில்லை.

நம் பக்கத்து வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஜேக்ஸ் அல்ல. அமிருதசரஸில் அந்த வடிவத்தைப் பின்பற்றிச் செய்தவையும், உள்ளூர்க் கடைசல்காரர்கள் தமக்குத் தோன்றியபடி உருட்டித் தந்தவையுமே. பின்சொன்னவற்றில் என்ன மரம் இருக்கிறது என்று ஆராய்வது ருசிகரமான வேலை. கறுப்புக்குக் கருங்காலியோ ஈட்டியோ இருக்கலாம். வெள்ளைக்கு, கடைசலுக்கு இசைந்த வெட்பாலையோ மஞ்சட்கடம்போ இருக்கலாம். ஐயம் ஏற்பட்டால், 1902-இல் கோவையில் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே வைத்திருக்கும் மரமாதிரிகளின் ரேகையோடும் நிறத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தந்தக் காய்கள் வைத்திருப்பவர்கள் மட்டும் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தந்த வியாபாரத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

கோவையின் உலர்ந்த கோடையில் கருங்காலி வெடிக்கும். அடியில் வைத்த ஈயம் கழன்று, காயைத் தூக்கும்போது கடகடவென்று ஆடும். அடியில் ஒட்டிய கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும். இவற்றையெல்லாம் கண்டு மனம் பதறி, பளபளவென்று வார்னிஷ் பூசிவிடுகிறவர்கள் செய்கிற அநியாயத்தைப் பூச்சிகள்கூடச் செய்வதில்லை; பல தலைமுறை விரல்கள் பட்டு ஏறிய மெருகு ஒரு மணி நேரத்தில் மறைந்துபோகிறது. மெல்லிய துணியால் துடைத்து, நேர்வெயில் படாத இடத்தில் வைத்தாலே போதும். காணாமற்போன ஒரு சிப்பாய்க்காக, மீதியிருந்தவற்றில் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு நகரத்துக் கடைசல் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரர் அதை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு, “கடைஞ்சு குடுத்தறலாமுங்க. ஆனா பழசோட நிறம் மட்டும் வராதுங்க, அது இருந்து இருந்து வாரதுங்க” என்றார். நிறம் வராததே நல்லதென்று பட்டது. எது பழையது, எது புதியது என்று பின்னால் பார்ப்பவருக்கு மயக்கம் வரக்கூடாது. புதிய காயின் அடியில் வருஷத்தை எழுதிவைப்பது இன்னும் நலம்.

இனி நோட்டுகள். 1981-க்குப் பின் உலக சம்மேளனம், கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பெயரிடும் முறையை மட்டுமே ஏற்றது. அதற்கு முற்பட்ட நோட்டுகளில் பழைய முறையே இருக்கும். அம்முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர்; ஏனெனில் வெள்ளைக்காரர் தம் பக்கத்திலிருந்து எண்ணுவார், கறுப்புக்காரர் தம் பக்கத்திலிருந்து எண்ணுவார். இருவருமே ‘சிப்பாய், ராஜா கோட்டில் நான்கு’ என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் வெவ்வேறு கட்டங்கள். அவசரத்தில் எழுதியவர் ‘குதிரை, மந்திரிக் கோட்டில் மூன்று’ என்று மட்டும் கிறுக்கியிருந்தால் சங்கடம் தொடங்குகிறது: குதிரையும் இரண்டு, மந்திரிக் கோடும் இரண்டு. அப்போது செய்யத்தக்கது, பலகையில் காய்களை அடுக்கி, ஓர் ஊகத்தின்படி ஆட்டத்தை முன்னே நடத்துவதுதான். எட்டு நகர்த்தல்களுக்குப் பின் அந்தக் குதிரை போக முடியாத கட்டத்துக்குப் போனதாக நோட்டுச் சொன்னால், ஊகம் தவறு. திரும்பிவந்து மற்றக் குதிரையை நகர்த்த வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் நகர்த்தினால், மிக மோசமான கையெழுத்தும் ஒரு மாலைப்பொழுதில் வசமாகிவிடும். கடைசிப் பத்து நகர்த்தல்கள் மட்டும் வெறும் கோடுகளாயிருப்பதும் உண்டு. சாவி கொடுக்கும் இரட்டை முகக் கடிகாரத்தின் சிவப்புக் கொடி விழும் தறுவாயில் எழுதியவை அவை. அங்கே ஊகத்தை நிறுத்திவிட்டு, ‘இதற்குமேல் தெளிவில்லை’ என்று குறிப்பதே யோக்கியம்.

ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் பாடபேதங்களையும் சேர்த்துக் குறித்தார். ஆட்டக் குறிப்பைப் பெயர்த்தெழுதுகிறவருக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும். எழுதியவர் செய்த மட்டமான நகர்த்தலைக் கண்டு, ‘இப்படியா ஆடியிருப்பார்?’ என்று இரக்கப்பட்டுத் திருத்திவிடலாகாது, அப்படித்தான் ஆடியிருப்பார். ஓரத்தில் ‘கண் தெரியவில்லை’, ‘டீ குடித்திருக்கக் கூடாது’ என்றெல்லாம் பென்சிலால் எழுதியிருப்பவற்றையும் விடாமல் சேர்க்க வேண்டும். என் வரையில், ஆட்டத்தைவிட அவையே சில சமயம் உயர்ந்த வாசிப்பு.

தாளைக் காப்பது பெரிய வித்தையன்று. துருவேறும் குண்டூசியை நீக்க வேண்டும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டலாகாது, அது பழுத்துப் பசை இறங்கி எழுத்தையே கெடுக்கும். உருகிய பிளாஸ்டிக்குக்குள் நிரந்தரமாகச் சிறைவைக்கும் லாமினேஷன் அதைவிடக் கொடிது, ஏனெனில் பிறகு பிரிக்க வழியில்லை. வெளுக்கத் தொடங்கிய நகல்களை நல்ல பகல் வெளிச்சத்தில் இன்றே படமெடுத்துவிட வேண்டும். பிறகு நகர்த்தல்களை, 1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த பிஜிஎன் என்னும் வடிவில் கணினியில் ஏற்றலாம். அது வெறும் எழுத்துக்கோப்புத்தான். எந்த நிறுவனம் மூடினாலும் எந்த யந்திரம் மாறினாலும் படிக்கக் கூடியது. ஓர் ஆட்டம் அதில் அரைப் பக்கத்துக்கு மேல் இடம் பிடிக்காது. விற்பனைக்கு வரும் பெரிய தொகுப்புகளில் இன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் இருக்கின்றன. ஒரு மாவட்டத்தின் ஐம்பது வருஷத்து ஆட்டங்கள் அவற்றின்முன் அணு அளவு.

இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டரும், 1959-க்கும் 1981-க்கும் இடையில் ஒன்பது முறை தேசியச் சாம்பியனுமான மானுவேல் ஆரோன், விஜய் பண்டிட் என்பவரோடு சேர்ந்து இந்தியச் சதுரங்கத்தின் வரலாற்றைப் பெருநூலாக எழுதியிருக்கிறார். கொங்கு நாட்டின் சரித்திரத்தைக் கல்வெட்டுகளிலிருந்து திரட்டி எழுதக் கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார் இருந்தார். கொங்கு நாட்டுச் சதுரங்கத்துக்கு அப்படியொருவர் இனித்தான் வர வேண்டும். வருகிறவருக்குக் கல்வெட்டு கிடையாது. 1960-களிலும் 70-களிலும் இளைஞராயிருந்து ஆடி, இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்களின் நோட்டுகளே மூலாதாரம். அந்த நோட்டுகளில் எதிராளியின் பெயர் முழுதாக இராது. இரண்டு இனிஷியலும் ‘மில்’ என்ற சொல்லும், அல்லது ‘பொள்ளாச்சி வாத்தியார்’ என்ற குறிப்பும் மட்டும் இருக்கும். நகர்த்தல்களை யாரும் எப்போதும் பலகையில் ஆடிச் சரிபார்த்துவிடலாம்; அந்த வாத்தியார் யார் என்பதை நோட்டுக்குரியவர் ஒருவர்தான் சொல்ல முடியும். ஆகவே நோட்டைப் படமெடுக்கப் போகிறவர்கள், முதலில் அவரருகில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஆட்களின் பெயரையும் ஊரையும் கேட்டுத் தனித் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. காமிராவை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.