வளர்ச்சிக்கு எதிர்ச்சொல்

ஒரு சொல்லின் பொருளுக்கு மாறான பொருளைத் தருவது எதிர்ச்சொல் எனப்படும். ‘இரவு’ என்றால் ‘பகல்’ என உடனே கூறிவிடலாம். ஆனால், ‘வளர்ச்சி’ என்பதற்கு எதிர்ச்சொல் யாது எனக் கேட்டால், தேய்வு, குறைவு, சுருக்கம், வீழ்ச்சி, நலிவு எனப் பல சொற்கள் முன்வந்து நிற்கும். வளர்வது எது என்பதை நோக்கியே அவற்றுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். கோயில் நகரும் நெசவு நகருமாகிய காஞ்சிபுரம் இதற்கு நல்ல சான்றாகும்.

காஞ்சியின் வானில் திங்கள் வளரும், பின்னர்த் தேயும். திருக்குளத்துத் தாமரை விரியும், பின்னர்க் கூம்பும். மழை மிகுந்தால் பாலாறு பெருகும், கோடையில் வற்றும். ஆறு தேய்ந்தது என்றோ, மலர் வற்றியது என்றோ எவரும் கூறார்.

இனி, தறியைக் காண்போம். நெடுக்கில் நீட்டிய இழைகள் பாவு. குறுக்கில் ஓடும் இழை ஊடை. நாடா ஓடுந்தோறும் துணி வளர்கிறது. நெய்வதற்கு எஞ்சிய பாவு குறைகிறது. ஒன்றன் குறைவே மற்றொன்றன் வளர்ச்சியாதலின், இக்குறைவு இழப்பு ஆகாது.

வரலாற்றுக்கு வேறு சொற்கள் உரியன. பல்லவர் ஆட்சியின் எழுச்சியைக் கயிலாசநாதர் கோயில் இன்றும் காட்டி நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் அபராசித பல்லவனை வென்றான். பல்லவர் ஆட்சி வீழ்ச்சியுற்றது. எனினும், நகர் வீழவில்லை. பின்வந்த அரசர்களும் அதனைப் போற்றினர். ஏகாம்பரநாதர் கோயிலின் பெருங்கோபுரத்தைக் கிருட்டிணதேவராயர் 1509இல் எழுப்பினார். அரசின் வீழ்ச்சியை ஊரின் அழிவு எனக் கூறுவது பிழையாகும்.

நெசவுத் தொழிலைப் பற்றிக் கூறும்போது இவ்வேறுபாடு மேலும் இன்றியமையாதது. விசைத்தறிப் போட்டியாலும், இளைஞர் பிற வேலைகளை நாடுவதாலும் கைத்தறிகளின் எண்ணிக்கை குறைந்துள்ளது. நெசவாளர் பலரின் வாழ்க்கை நலிவுற்றுள்ளது. ஆயினும், உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வைத் திறம் அழிந்துவிடவில்லை. சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. காஞ்சிபுரப் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது.

‘நலிந்தது’ என்றால் உதவி செய்யும் எண்ணம் பிறக்கும். ‘அழிந்தது’ என்றால் இரங்குவதோடு கேட்போர் அமைவர். நலிந்த தொழிலை அழிந்ததாகக் கூறுவது, உயிருடன் இருப்பவனை இறந்தவனாக எண்ணிக் கைவிடுவது போன்றதாம். ஆதலின், எதிர்ச்சொல்லைத் தேர்வோர் பொருளின் உண்மை நிலையை முதலில் அறிந்து, அதற்கேற்ற சொல்லையே ஆளுதல் வேண்டும்.