கம்பி கட்டிய பற்களைக் காப்பது எப்படி?

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்துள்ளது விம்கோ நகர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமே ‘விம்கோ’. தீப்பெட்டிக்கும் தாடைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்து வந்தார்கள். அதன் ஆவியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த தொழிலாளர் பலருக்குத் தாடை எலும்பு அழுகிப்போயிற்று. 1906இல் பெர்ன் நகர உடன்படிக்கை இதைத் தடுத்தது. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. விம்கோ நிறுவனம் தோன்றியது அதற்குப் பிறகு, 1923இல்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? தாடை எலும்பு கல்லைப் போன்றதல்ல. அது உயிருள்ள பொருள். அதனால்தான் நஞ்சினால் அது அழிந்தது. அதனால்தான் இன்று கோணலான பல்லைக் கம்பி கட்டி நகர்த்தவும் முடிகிறது.

பல்லின் வேர் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் சில செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. எதிர்ப் பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. இவ்வாறு பல் மாதத்திற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. இதற்கு வேண்டிய விசை, ஒன்றிரண்டு கோழி முட்டைகளின் எடை அளவுதான்! விசையைக் கூட்டினால் வேகமாக நகருமா? நகராது. நார்த்திசுவின் இரத்தக் குழாய்கள் நசுங்கி, வேலை தடைப்படும்.

இனி ஈறைக் கவனிப்போம். பல்லின் மேல் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. அது ஈறின் ஓரத்தில் தங்கினால் ஈறு வீங்கி, இரத்தம் கசியும். வீக்கம் ஆழமாகப் பரவினால் எலும்பு கரையத் தொடங்கும்; ஆனால் இங்கே ஈடாகப் புது எலும்பு வளராது. அந்த நிலையில் கம்பியின் விசையும் சேர்ந்தால் பல்லின் பிடிப்பே தளரும். ஆகவே பல்லைச் சுத்தம் செய்வது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

மற்றொரு தீங்கு அமிலத்தால் வருவது. இனிப்பு உண்ட சில நிமிடங்களில் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். எண் சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியம் கரையும். உமிழ்நீர் இதைச் சரிசெய்ய அரை மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். எனவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே முக்கியம். அசட்டையாக இருந்தால், ஒட்டுத்துண்டைச் சுற்றி ஒரே மாதத்தில் வெள்ளைத் தழும்பு தோன்றலாம். கம்பியை எடுத்த பிறகும் அது எளிதில் மறையாது.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

உணவு உண்டதும் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். காலையிலும் இரவு படுக்குமுன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையும் மென்மையான பிரஷும் கொண்டு துலக்குங்கள். பிரஷை ஈறை நோக்கிச் சாய்த்துப் பிடித்துக் கம்பிக்கு மேலே துலக்கவும். பிறகு கம்பிக்குக் கீழே துலக்கவும். கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கும். வேப்பங்குச்சி அந்த இடுக்குகளில் நுழையாது. கரித்தூளும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்த்துவிடும்.

கமர்கட், கடலை மிட்டாய், கடினமான முறுக்கு, கரும்பு, ஐஸ்கட்டி ஆகியவற்றைத் தவிர்க்கவும். கொய்யாவைச் சிறு துண்டுகளாக வெட்டித் தின்னலாம். கலர் போன்ற பானங்களில் சர்க்கரையும் அமிலமும் சேர்ந்தே உள்ளன.

துலக்கும்போது இரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அந்த இடத்தை இன்னும் கவனமாக, மெதுவாகத் துலக்குங்கள். சில நாட்களில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இச்சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். விம்கோ நகரிலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, வண்டி மாறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953இல் தொடங்கிய அங்கே பல் சீரமைப்புக்குத் தனித் துறை உண்டு. கூலி வேலை செய்யும் தாயோ தந்தையோ பிள்ளையை அழைத்து வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். ஒட்டுத்துண்டு ஒன்று உடைந்தாலும், ஈறு வீங்கினாலும், இன்னொரு நாள் வர வேண்டும்; சிகிச்சையும் நீளும். இரவில் ஐந்து நிமிடம் செலவிட்டுத் துலக்கினால் அந்தச் செலவு மிஞ்சும்.