காற்றே எதிராளி: புல்வெளியில் டிஸ்க் கோல்ஃப்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் ஹில்ஸ் எனும் புல்மேடுகளை ஒட்டி இருக்கிறது எம்போரியா நகரம். டிஸ்க் கோல்ஃப் உலகப் போட்டி 2016-லும் 2022-லும் இங்கே நடந்தது. மரங்கள் குறுக்கே நிற்கும் காட்டு மைதானங்களைப் பார்த்தவர்களுக்கு, திறந்த புல்வெளி எளிதாகத் தெரியலாம். எறிந்து பார்த்தால்தான் தெரியும், இங்கே எதிராளி காற்று என்பது.

ஆட்ட விதி சுலபம். பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறிதல். குறைந்த எறிதல்களில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவர் வெல்வார். ஃபிரிஸ்பீ தட்டை மேம்படுத்திய எட் ஹெட்ரிக், 1975-இல் கலிபோர்னியாவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடைக்கு 1977-இல் காப்புரிமை பெற்றவரும் அவரே.

தொலைவுக்கு எறியும் தட்டு சுமார் 21 செ.மீ. அகலமும் 175 கிராம் வரை எடையும் கொண்டது. விளிம்பு கூராக இருப்பதால் காற்றைக் கிழித்துச் செல்லும். பம்பரம் போலவே சுழற்சிதான் அதைச் சாயாமல் காக்கிறது. ஆனால் காற்றின் தூக்குவிசை தட்டின் நடுமையத்தில் சரியாக அமைவதில்லை. அது முன்விளிம்பை மேலே தள்ளினாலும் கீழே அழுத்தினாலும், சுழலும் தட்டு பக்கவாட்டில்தான் சாயும். வலக்கையால் புறங்கை வீச்சில் எறிந்த தட்டு, வேகம் இருக்கும்வரை வலப்புறம் சாய முயலும். வேகம் குறைந்ததும் இடப்புறம் இறங்கும்.

தட்டுக்குத் தரையைக் கடக்கும் வேகம் பொருட்டல்ல, காற்றைக் கடக்கும் வேகமே பொருட்டு. எதிர்க்காற்றில் அந்த வேகம் கூடுவதால் தட்டு மேலெழும்பி வலப்புறம் திரும்பும். பின்காற்றில் அது குறைவதால் தூக்குவிசை தளர்ந்து சீக்கிரமே விழும். ஆகவே எதிர்க்காற்றில் எளிதில் வலம் திரும்பாத தட்டை எடுத்துத் தாழ்வாக எறிய வேண்டும். பின்காற்றில் எளிதில் திரும்பும் தட்டைச் சற்று உயர்த்தி எறியலாம். காற்றின் திசையை அறிய, கூடைக்குப் போகும் வழியில் புல்நுனிகள் எப்பக்கம் சாய்கின்றன என்று பார்த்தால் போதும்.

அந்தப் புல்லையும் அறிந்துகொள்வது நல்லது. பிக் புளூஸ்டெம் எனும் புல் இலையுதிர்காலத்தில் ஆளுயரத்தைத் தாண்டும். வேர்கள் 3 மீட்டர் ஆழம்வரை இறங்கும். வட அமெரிக்காவின் உயர்புல் வெளிகளில் இன்று எஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவை பெரும்பாலும் உழுது வயலாக்கப்பட்டுவிட்டன. ஃபிளின்ட் ஹில்ஸில் மேல்மண்ணுக்கு அடியிலேயே பாறை இருந்ததால் ஏர் இறங்கவில்லை, புல் பிழைத்தது.

இப்படிப்பட்ட நிலத்துக்கு டிஸ்க் கோல்ஃப் நன்கு பொருந்துகிறது. மேடுபள்ளத்தைச் சமன்செய்ய வேண்டாம், நட்டு வளர்த்த புல்தரைக்கு நீர் பாய்ச்ச வேண்டாம். எறியும் மேடையும் கூடையும் ஊன்றி, ஆட்டப் பாதையில் மட்டும் புல்லை அறுத்துவிட்டால் மைதானம் தயார். ஆனாலும் புல்லுக்குள் தட்டைத் தேடி அலைந்தால், மிதிபடும் இடத்தில் மண் இறுகும். எனவே பளிச்சென்ற நிறத்தில் தட்டு வாங்குங்கள்; தட்டு விழும் இடத்தைக் கண்ணெடுக்காமல் பாருங்கள்; அறுத்த பாதையிலேயே நடங்கள். தட்டும் தொலையாது, புல்லும் தழைக்கும்.