மார்பக அறுவை மருத்துவப் பயிற்சி

மார்பக அறுவை மருத்துவப் பயிற்சி என்பது மார்பகக் கட்டிகளையும் மார்பகப் புற்றுநோயையும் கண்டறிந்து அறுவை செய்ய மருத்துவர்களுக்கு அளிக்கப்படும் சிறப்புப் பயிற்சி ஆகும். இந்தியாவில் பொது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். பட்டம் பெற்றோர், மூன்றாண்டு எம்.சிஎச். புற்றுநோய் அறுவை மருத்துவப் படிப்பில் இதனை விரிவாகக் கற்கின்றனர். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இப்படிப்பு 1984இல் தொடங்கப்பட்டது.

தேவை

முதல் அறுவை, பிந்தைய சிகிச்சையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஊசியால் திசு எடுத்துச் சோதிக்காமல் கட்டியை அகற்றிவிட்டால், அது புற்றுநோய் எனப் பின்னர் தெரியவரும்போது மறு அறுவை தேவைப்படலாம். முன்கூட்டியே மருந்தளித்துக் கட்டியைச் சுருக்கி மார்பகத்தைக் காக்கும் வாய்ப்பும் நழுவக்கூடும். எனவே கைச்சோதனை, படச்சோதனை, திசுச்சோதனை ஆகிய மூன்றையும் இணைத்து முடிவெடுப்பது பயிற்சியின் அடிப்படையாகும்.

விருதுநகர் மாவட்டம்

சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். கூலியை இழந்து வெளியூர் செல்வது இவர்களுக்கு எளிதன்று. ஆதலால் கட்டியை முதலில் காணும் உள்ளூர்ப் பொது அறுவை மருத்துவருக்கும் இப்பயிற்சி இன்றியமையாதது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி சனவரி 12, 2022 அன்று திறக்கப்பட்டதால், மருத்துவக் கல்வி இம்மாவட்டத்திலேயே கிடைக்கிறது.